மூவ் ஒன் பண்ணச் சொல்லுறது ஆர்?

எங்கட வயசுக்காரரின் தமிழில் நல்லா ஊறிப்போன இங்கிலிஸ் சொல்லுகளில் ஒன்று ‘மூவ் ஒன்’. காதல் முறிஞ்சவனுக்கு “மூவ் ஒன் பண்ணு மச்சான்” என்கிறோம். ஏ.எல். றிசல்ட் நினைச்ச மாதிரி வராதவளுக்கு “அழுதது காணும், மூவ் ஒன் பண்ணடி” என்கிறோம். கம்பஸில் பகிடிவதைக்கு எதிராக முறைப்பாடு குடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பெடியனுக்கு “ஒரு வருசமாச்சு, இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், மூவ் ஒன் பண்ணன்” என்று சொல்ல ஆள் இருக்கு. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் பிடிச்சுக்கொண்டு வீதியோரம் இருக்கிற ஒரு அம்மாவைப் பற்றிக் கதை வந்தால், அங்கேயும் “எத்தனை வருசத்துக்கு இது? சனம் மூவ் ஒன் பண்ணவேணும்” என்று ஒரு குரல் கேட்கும்.

நாலு இடத்திலும் சொல் ஒன்றுதான். ஆனால் நாலு பேரின் நிலைமையும் ஒன்றில்லை. முதல் இரண்டு பேருக்கும் நடந்தது நடந்து முடிஞ்சுவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் அது இன்னும் முடியவே இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒரே சொல்லை எல்லோருக்கும் எடுத்து நீட்டுவதில் ஒரு பிழை இருக்கிறது. கலைப்பீடத்தில் ஆங்கிலத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறபடியால், அந்தப் பிழை எங்கே நடக்கிறது என்று சொல்லின் உள்ளுக்குள் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேஸல் வேர்ப் என்பதை நாங்கள் பெரும்பாலும் ரியூசன் கொப்பியில்தான் சந்திச்சிருப்போம். ஒரு பக்கத்தில் இங்கிலிஸ், மற்றப் பக்கத்தில் தமிழ். கிவ் அப் என்றால் கைவிடு. புட் ஓஃப் என்றால் பிற்போடு. லுக் ஆஃப்டர் என்றால் பராமரி. பாடமாக்கினால் ஓ.எல். பேப்பரில் இரண்டு மார்க்ஸ். மூவ் ஒன் அந்தப் பட்டியலில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை நாங்கள் படத்திலயும் பாட்டிலயும் போனிலயும் இருந்துதான் எடுத்தோம். எடுக்கும்போது ‘மறந்துவிடு’ அல்லது ‘விட்டுவிடு’ என்ற அர்த்தத்தை நாங்களே குடுத்துக்கொண்டோம்.

உண்மையில் அந்தச் சொல்லில் மறதி எங்கேயும் இல்லை. பிரேஸல் வேர்ப்பில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அர்த்தத்தைத் திருப்பிவிடுகிறது அந்தச் சின்னச் சொல்தான். ‘ஒன்’ வருகிற வேறு சிலதை நினைச்சுப் பாருங்கள்: கரி ஒன், கோ ஒன், கீப் ஒன், ரீட் ஒன். எல்லாவற்றிலும் ‘ஒன்’ குடுக்கிற பொருள் ‘தொடர்ந்து’ என்பதுதான். ரீட் ஒன் என்றால் தொடர்ந்து வாசி. அதே கணக்கில் பார்த்தால் மூவ் ஒன் என்பது தொடர்ந்து நகர்வது. இருந்ததை அழிச்சுவிட்டு நகர்வது என்று அதில் எங்கேயும் எழுதியில்லை.

தமிழிலும் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது. எங்களுக்கு அது துணைவினை. ‘மறந்துவிட்டேன்’ என்பதில் வருகிற ‘விடு’ ஒரு வேலை முற்றாக முடிஞ்சதைச் சொல்லும். ‘நடந்துகொண்டிருக்கிறேன்’ என்பதில் வருகிற ‘கொண்டிரு’ வேலை ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லும். இங்கிலிஸின் ‘ஒன்’ எங்கட ‘கொண்டிரு’வுக்குக் கிட்ட நிற்கிற சொல். நாங்கள் அதைக் கொண்டுவந்து ‘விடு’வின் இடத்தில் வைத்துவிட்டோம். ‘போய்க்கொண்டிரு’ என்று வரவேண்டியது ‘மறந்திடு’ என்று வந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் நடந்த இந்தச் சின்ன இடமாற்றம் ஆட்களின் வாழ்க்கையில் பெரிசாக விழுகிறது.

சோதனை மண்டபத்தை நினைச்சுப் பாருங்கள். மூன்றாம் கேள்வி சரிவருகுதில்லை என்றால் நாலாம் கேள்விக்குப் போகச் சொல்லுவார்கள். இங்கிலிஸில் இதற்கும் மூவ் ஒன் தான். மூன்றாம் கேள்வியை நாங்கள் வெட்டிப்போடுவதில்லை. அது பேப்பரில் அப்படியே இருக்கும். நேரம் கிடைச்சால் திரும்ப வருவோம். சில வேளை ஆறாம் கேள்வி செய்துகொண்டிருக்கும்போதுதான் மூன்றாம் கேள்விக்கு விடை தெரியவரும். இது ஒரு நல்ல மூவ் ஒன்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு பக்கம் ‘ஃப்ரம்’, மற்றப் பக்கம் ‘ரு’. எதிலிருந்து, எதற்கு. ஒழுங்கான இங்கிலிஸில் இரண்டில் ஒன்றாவது சொல்லிலோ சூழலிலோ விளங்கும். ஒருத்தி தன் பழைய வேலையில் இருந்து புதுவேலைக்கு மூவ் ஒன் பண்ணினாள் என்றால் இரண்டு பக்கமும் தெளிவு. நாங்கள் பாவிக்கும்போது இரண்டையும் கழற்றிவிட்டு நடுச்சொல்லை மட்டும் வைச்சிருக்கிறோம். எங்கே இருந்து வெளிக்கிடச் சொல்லுறீங்கள், எங்கே போகச் சொல்லுறீங்கள் என்று திருப்பிக் கேட்டால், சொன்னவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

இதையும் சொல்லவேணும்: இந்தச் சொல்லை ஆளை அடக்குவதற்குப் பாவிக்கிற பழக்கம் எங்களோடு தொடங்கினதில்லை. இங்கிலிஸிலேயே அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. வீதியில் நிற்கிறவரைப் பார்த்துப் பொலிஸ்காரர் “இதில நிக்காதை, போ” என்று கலைப்பதற்கும் மூவ் ஒன் தான். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1852-53இல் தொடராக எழுதின ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு பெடியன் வருவான். தாய் தகப்பன் இல்லை, வீடு இல்லை. லண்டனில் வீதிக் கடவையைக் கூட்டிச் சீவிக்கிறவன். பத்தொன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பே ‘மூவிங் ஒன்’. பொலிஸ் அவனை மூவ் ஒன் பண்ணச் சொல்லும். அவனுக்கோ போவதற்கு ஒரு இடமில்லை. எங்கே போறது என்ற அவனுடைய கேள்விக்கு அங்கே நிற்கிற பெரிய மனுசர் ஒருவரிடமும் ஒழுங்கான மறுமொழி கிடையாது. ஒவ்வொரு இடத்தில் இருந்தும் கலைச்சுக் கலைச்சு, கடைசியில் நோய் பிடிச்சு அவன் செத்துப்போகிறான்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்கவேண்டாம். அவுஸ்திரேலியாவில் பொது இடத்தில் நிற்கிற ஒருவரை அங்கேயிருந்து போகச் சொல்ல பொலிசுக்கு இருக்கிற அதிகாரத்தை இன்றைக்கும் ‘மூவ் ஒன் பவர்’ என்றுதான் சொல்லுகிறார்கள்.

அரசியலிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு இடமிருக்கிறது. 1998இல் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டனைப் பதவிநீக்கும் விவகாரம் நடந்துகொண்டிருந்தபோது, அவரைக் கண்டிச்சுவிட்டு நாட்டின் மற்ற அவசர வேலைகளுக்கு மூவ் ஒன் பண்ணுங்கள் என்று கேட்டு இணையத்தில் ஒரு மனு ஓடியது. அதிலிருந்து பிறந்த அமைப்புக்கு மூவ்ஒன் என்பதே பெயராகியது. அந்த மனு சரியா பிழையா என்று அந்த நாட்டுக்காரர் வாதாடட்டும். எனக்கு அதில் பிடிச்சது ஒரு விசயம்: அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் கண்டிச்சுவிடுங்கள், பிறகு நகருங்கள். நடந்தது பிழை என்று பதிவுபண்ணாமல் நகருங்கள் என்று அந்த மனுகூடக் கேட்கவில்லை.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். தமிழுக்குள் வரும்போது அநேகமான இங்கிலிஸ் வினைகள் தங்கட வினைத்தன்மையை வாசலில் கழற்றிவைச்சுவிட்டு ‘பண்ணு’வை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரும். போன் பண்ணு, ஷெயார் பண்ணு, டிலீட் பண்ணு. இவையெல்லாம் ஒரு பட்டனை அமத்தினால் முடிகிற வேலைகள். மூவ் ஒன் பண்ணு என்பதும் இதே வரிசையில் போய் நின்றுவிட்டது. அதனால் கேட்கிறவருக்கும் சொல்லுறவருக்கும் அது ஏதோ இன்றைக்குப் பின்னேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை மாதிரிக் கேட்குது. செய்யாமல் இருக்கிறவர் சோம்பேறி மாதிரி, பிடிவாதக்காரர் மாதிரித் தெரிகிறார்.

இதற்கு முதல் நாங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? அம்மம்மாமாரின் தமிழைக் கேட்டுப் பாருங்கள். ‘ஆறும்’ என்பார்கள். ‘தேறும்’ என்பார்கள். புண் ஆறும், மனம் ஆறும், பிள்ளை தேறிவரும். இந்த இரண்டு வினைக்கும் ஒவ்வொரு சோடி இருக்கிறது: ஆறு – ஆற்று, தேறு – தேற்று. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படிச்சதுதான். புண்பட்டவர் தானாக ஆறுவார். பக்கத்தில் இருக்கிறவர் அவரை ஆற்றுவார். அதாவது இன்னொருவரின் துக்கத்துக்குள் நாங்கள் வாய்வைக்கிறோம் என்றால், இந்தத் தமிழில் வேலை எங்கட தலையில்தான் விழும். தேற்றவேண்டியது நாங்கள். பக்கத்தில் இருக்கவேணும், தேத்தண்ணி ஊத்திக் குடுக்கவேணும், அதே கதையைப் பத்தாம் தரமும் கேட்கவேணும். மூவ் ஒன் பண்ணு என்று சொன்னால் முழு வேலையும் அழுகிறவரின் தலைக்குப் போய்விடும். சொன்னவர் போனைப் பார்க்கத் தொடங்கலாம். இந்த வசதிக்காகத்தான் எங்களுக்கு அந்தச் சொல் இவ்வளவு பிடிச்சிருக்கோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கட ஊர்ச் செத்தவீடுகளையும் பாருங்கள். சைவச் சனத்துக்கு காடாற்று, எட்டுச் செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி, வருசம் முடிய ஆட்டைத் திவசம். இதில் இருக்கிற சாதிப் பாகுபாடு, பெண்களை ஒதுக்கி வைக்கிற பழக்கம் எல்லாவற்றிலும் எனக்கு நிறைய விமர்சனம் இருக்கு. ஆனால் அதற்குள் ஒரு புத்தி இருக்கிறதை மறுக்க ஏலாது. துக்கத்துக்கு ஒரு கலண்டர் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் சனம் வந்து கூட நிற்கும். ஒருவரும் தனியாக நகரவேண்டியதில்லை. நகர்ந்த பிறகும் ஒவ்வொரு வருசமும் அந்த ஆளை நினைக்கிறதுக்கென்று ஒரு நாள் இருக்கும். மறக்காமலே நகரலாம் என்று எங்கட ஆட்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

காணாமலாக்கப்பட்டோரின் வீட்டில் இந்தக் கலண்டர் வேலைசெய்யாது. எட்டை எந்த நாளில் இருந்து எண்ணுறது? திவசத்தை எந்தத் திதியில் செய்யிறது? சுவரில் இருக்கிற படத்துக்கு மாலை போடுறதா இல்லையா? மாலை போட்டால் பிள்ளையைத் தன் கையாலேயே சாகடிச்ச மாதிரி இருக்கும். போடாவிட்டால் ஒவ்வொரு நாளும் படலைச் சத்தத்துக்கு எழும்பிப் பார்க்கவேணும். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போர்க்காலத்தில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலைசெய்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இந்த நிலைமைக்கு, தெளிவற்ற இழப்பு என்ற கருத்தில் ஒரு பெயரை வைச்சார். 1999இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இந்த இழப்பில் மனம் உறைஞ்சு நிற்பது அந்த ஆளின் பலவீனத்தால் வருவதில்லை, அந்த நிலைமையே அப்படிப்பட்டது என்பது அவர் சொல்லுகிற முக்கியமான விசயம். இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கலாம் என்ற எண்ணமே ஒரு கட்டுக்கதை என்கிறார்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தாய்மார் இருந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று மற்ற இடங்களிலும் இருந்தார்கள். வருசக்கணக்காக இருந்தார்கள். பதில் தெரியாமலே அவர்களில் பலர் செத்தும் போய்விட்டார்கள். 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணைகளுக்குப் பிறகு மரணச் சான்றிதழ் குடுக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஐக்கிய நாடுகளின் இலங்கைப் பிரதிநிதியிடம் சொன்னார். எங்கே, எப்போ, ஆரால் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை. வீதியில் நின்ற ஜோவுக்குப் பொலிஸ்காரர் சொன்னதுக்கும் இதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதில நிக்காதை, போ.

இது தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 80களின் கடைசியில் தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமலாக்கப்பட்டபோது, 1990இல் அங்கேயும் அம்மாமார் அன்னையர் முன்னணி என்று திரண்டார்கள். அவர்களுக்கும் பதிலுக்குப் பதிலாகக் கிடைச்சது காலம்தான்.

சரி, அப்ப ஒருவரும் நகரக்கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைத் தொந்தரவு செய்கிற காதலில் இருந்து அவள் வெளிக்கிட்டு “நான் மூவ் ஒன் பண்ணிட்டன்” என்று சொன்னால் எனக்குக் கைதட்டவேணும் போல இருக்கும். போர் முடிய ஆறு ஏழு வயசில் இருந்த ஒருவர், எனக்கு எந்த நேரமும் போரைப் பற்றியே கதைக்க ஏலாது, நான் படம் எடுக்கப்போறன், பகிடி எழுதப்போறன் என்று சொன்னால் அது அவருடைய உரிமை. அதே வீட்டில் அவரின் அம்மா ஒவ்வொரு வெள்ளியும் படத்துக்கு முன்னால் விளக்கு வைச்சுக்கொண்டிருக்கலாம். அது அம்மாவின் உரிமை. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம்.

உண்மையில் ஒரு ஆள் தானாக நகரும்போது எங்கட சமூகம் என்ன செய்கிறது என்றும் பார்க்கவேணும். புருசனை இழந்த ஒரு இளம்பெண் நாலு வருசத்துக்குப் பிறகு இன்னொருவரைக் கட்டினால், “அதுக்குள்ள மறந்திட்டாள், பாத்தியே” என்று ஊர் கதைக்கும். பிள்ளையைத் தேடுகிற தாயைப் பார்த்து “இன்னும் மறக்கேல்லையோ” என்று கேட்பதும் இதே ஊர்தான். ஒருத்தி நகர்ந்தது பிழை, ஒருத்தி நகராதது பிழை. ஆர் எப்போ நகரவேணும் என்பதை ஊரே தீர்மானிக்க விரும்புகிறது. பிரச்சினை நகர்வதில் இல்லை. அந்தச் சொல்லின் கடிவாளம் ஆரின் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அதனால் என்னுடைய கருத்து இதுதான். மூவ் ஒன் என்பதைத் தன்னிலையில் தாராளமாகப் பாவியுங்கள். நான் மூவ் ஒன் பண்ணிட்டன், பண்ணப்பாக்கிறன், இப்போதைக்கு ஏலாது: மூன்றும் நல்ல வசனங்கள். முன்னால் இருக்கிறவருக்குக் கட்டளையாகச் சொல்ல வாய் வரும்போது மட்டும் இரண்டு விசயத்தைப் பாருங்கள். அவருக்கு நடந்தது முடிஞ்சுவிட்டதா? அவர் போவதற்கு ஒரு இடம் இருக்கிறதா? முறைப்பாடு குடுத்த பெடியனுக்கு விசாரணை முடியவில்லை. பிள்ளையைத் தேடுகிற அம்மாவுக்குப் பதில் வரவில்லை. அவர்களிடம் மூவ் ஒன் என்று சொல்லும்போது நாங்கள் அவர்களின் சினேகிதராகக் கதைக்கவில்லை, பதில் சொல்லவேண்டியவர்களின் வேலையைக் குறைச்சுக் குடுக்கிறோம். நகரவேண்டியது அந்த விசாரணை. நகரவேண்டியது அந்தக் கோப்பு.

மச்சானுக்குக் காதல் முறிஞ்ச இரவில் வேறு என்ன சொல்லுறது என்று கேட்டால், எங்களிடம் ஏற்கனவே வசனங்கள் இருக்கு. “சாப்பிட்டியா?” “வா, கடற்கரைப் பக்கம் நடந்திட்டு வருவம்.” “நான் இருக்கிறன், சொல்லு.” இவற்றில் ஒன்றுகூடக் கட்டளை மாதிரிக் கேட்காது. அவன் எப்ப வெளிக்கிடவேணும் என்பதை அவனுக்கே விட்டுவிட்டு, வெளிக்கிடும்வரைக்கும் பக்கத்தில் இருக்கிற வசனங்கள் இவை.